செஞ்சியில் ஏறியவர்கள்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, யார் கட்டியது என்றுதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருக்கிற ஒரே கோட்டை எங்களுடையது. அதற்குப் பிறகு கேள்வி இன்னும் கூடிவிட்டது. கோன்கள் தொடங்கினார்கள், நாயக்கர்கள் பெரிதாக்கினார்கள், பிறகு பீஜப்பூர்க்காரர், 1677-ல் சிவாஜி என்று வழிகாட்டிகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார்கள். தேசிங்கு ராஜாவையும் அவர் குதிரையையும் சொல்லாமல் யாரையும் திருப்பி அனுப்புவதில்லை.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை மின்கம்பம் ஏறிப் பிழைத்தவன் நான். என் அப்பா பனை ஏறியவர். அதனால் கோட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது வேறு. இதில் எப்படி ஏறினார்கள்? கை எதைப் பிடித்தது, கால் எதன்மேல் நின்றது?

கோட்டையின் மூன்று மலைகளில் ஒன்றான இராஜகிரி சுமார் எண்ணூறு அடி. இப்போது படிக்கட்டு இருக்கிறது, வழியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம். ஆனால் மேலே போய்ச் சேருவதற்கு முன் பாறை பிளந்து கிடக்கும் இடத்தில் ஒரு பாலம் வரும். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் எண்ணூறு அடி ஏறி வந்ததெல்லாம் வீண். கட்டியவன் ஏறுகிறவனின் காலைத்தான் யோசித்திருக்கிறான். மதில் அப்புறம்தான்.

ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690-ல் வந்து இந்த மலைகளைச் சுற்றி உட்கார்ந்தார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். முற்றுகை இழுத்த இழுப்பில் முகலாயர்களே பட்டினி கிடந்தார்கள், ஒருமுறை வெட்கத்தோடு வந்தவாசிப் பக்கம் பின்வாங்கினார்கள். எட்டாவது வருஷம், 1698-ல், கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். கடைசித் தாக்குதலில் தாவூத் கான் பன்னியின் ஆட்கள் சந்திரகிரிப் பக்கத்து மதிலில் ஏறி உள்ளே குதித்தார்கள், இன்னொரு பக்கத்தில் தல்பத் ராவின் புந்தேலர்கள் ஏறினார்கள். அந்தத் தல்பத் ராவிடம் வேலை பார்த்த பீம்சேன் என்பவர் பாரசீகத்தில் எழுதி வைத்த நினைவுக் குறிப்பு இல்லையென்றால் இந்த முற்றுகையைப் பற்றி நமக்குப் பாதி விஷயம் தெரிந்திருக்காது. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்தபோது ஒரே இரவு போதுமானதாக இருந்தது. வாசல் கதவுகளை வெடி வைத்துப் பிளந்துவிட்டு, மூன்று மலையிலும் இருட்டில் ஒரே நேரத்தில் ஏறினார்கள். 1761 ஏப்ரலில் செஞ்சி ஆங்கிலேயரிடம் போனது.

மதிலேறியவர்கள் எந்த ஏணியில் ஏறினார்கள், மூங்கிலா கயிறா, யார் கட்டிக் கொடுத்தது என்று எந்தச் சரித்திரக்காரரும் நின்று சொல்வதில்லை. ஆனால் ஏறுகிற கருவிக்கு எழுத்தில் சாட்சி இல்லாமல் இல்லை. இங்கிருந்து திருவண்ணாமலை தாண்டினால் செங்கம். அந்த ஊர் நன்னனைப் பாடியதுதான் மலைபடுகடாம். அதில் குரங்கும் ஏறத் திணறுகிற செங்குத்துப் பாறையில், தேன் எடுக்கிறவர்கள் மூங்கிலால் வழி அமைத்து ஏறுவது வருகிறது. அதற்கு மால்பு என்று பெயர். தினைப்புனக் காவலர்கள் யானையை விரட்ட விடுகிற கவண்கல்லுக்கு ஒதுங்கிப் போகச் சொல்லி வழிப்போக்கருக்கு எச்சரிக்கையும் அதே பாட்டில் உண்டு. உயரத்தில் உட்கார்ந்து காத்திருப்பது இந்தப் பக்கத்துக்குப் பழைய வேலை. என் சின்ன வயதில் பாக்கமலை ஓரத்துக் கொல்லைகளில் மல்லாட்டைக்குப் பன்றி வராமல் இருக்கப் பரண் கட்டுவார்கள். மேலே ஏற இரண்டு கவையும் ஒரு முடிச்சுக் கயிறும். பரண்மேல் உட்கார்ந்து வேட்டையாடிய காலமும் இருந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அதற்கு முடிவு கட்டியது. அது நல்லதுதான்.

சரித்திரம் விட்ட இடத்தில் எனக்கு உதவுவது பனைதான். செஞ்சியிலிருந்து விக்கிரவாண்டி, திண்டிவனம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏரிக்கரையிலும் வரப்பிலும் பனை நிற்கும். அதில் ஏறிக் கள்ளும் பதனியும் இறக்கியவர்கள் பெரும்பாலும் கிராமணி வகுப்பார். நாங்களும் அதுதான். கிளை கிடையாது, நடுவில் நின்று இளைப்பாற இடம் கிடையாது, அறுபது எழுபது அடிக்குத் தலையில் மட்டும் கொத்தாக மட்டை. இந்த மரத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்குகிறவனுக்குக் காலில் தேவைப்படுவது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நார் வளையம். தளை. தெற்கே தளைநார் என்பார்கள்.

அப்பா தளை கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எல்லா மட்டையும் அதற்கு ஆகாது. காவோலையோடு தொங்குகிற மட்டையில் நார் முறியும், குருத்தை ஒட்டிய மட்டையில் நார் பிஞ்சு, இழுத்தால் நீளும். நடுவயசு மட்டையாகப் பார்த்து வெட்டிப் போடுவார். இரண்டு ஓரத்துக் கருக்கையும் அரிவாளால் சீவித் தள்ளிவிட்டு, மட்டையின் உள்பக்கத்துத் தோலை நுனியில் நெம்புவார். அதுதான் அகணி. நெம்பின முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு மட்டையைக் கையால் தள்ளினால், விரல் அகல நாடாவாக உரிந்து வரும். நாலைந்து உரித்ததும் கட்டையால் மெதுவாகத் தட்டி, தண்ணீர்ச் சாலில் ஊறப்போடுவார். மறுநாள் காலையில் எடுத்து முறுக்குவார். முறுக்கும்போது பேசமாட்டார். புரி ஒரே இறுக்கத்தில் வரவேண்டும். ஒரு இடத்தில் தளர்ந்தால் பாரம் அங்கேயே போய் உட்காரும். கடைசியில் இரண்டு முனையையும் ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பின்னி வளையமாக்குவார். முடிச்சு வெளியே துருத்தக் கூடாது, துருத்தினால் புறங்காலை அறுத்துவிடும். அந்த இடத்தில் மட்டும் பழைய வேட்டித் துணியைச் சுற்றுவார்.

அளவு பார்ப்பதற்கு டேப் கிடையாது. வளையத்துக்குள் இரண்டு பாதத்தையும் விட்டு அகட்டி, தன் பனையில் அணைத்துப் பார்ப்பார். பாதம் மரத்தின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அமுங்க வேண்டும். வளையம் பெரிதானால் கால் அகன்று வழுக்கும். சிறிதானால் பாதம் மரத்தின் முன்பக்கமே நின்றுவிடும், பிடிப்பு வராது. அதனால் ஒருவர் தளை இன்னொருவருக்கு உதவாது. பெரியப்பா அப்பாவைவிடப் பருமன். ஒருநாள் அவர் தளை அறுந்துபோய், "உன்னுத குடுடா, ரெண்டு மரந்தான் பாக்கி" என்று கேட்டார். அப்பா கொடுக்கவில்லை. "மரத்த நாளைக்கி ஏறிக்கலாண்ணா" என்றார். அந்த இரண்டு மரத்துக் கள்ளு அன்று பொங்கி வீணாய்ப் போனதற்குப் பெரியப்பா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்தச் சின்ன வளையம் என்ன செய்கிறது என்பது எனக்குக் கம்பம் ஏற ஆரம்பித்த பிறகுதான் முழுசாக விளங்கியது. மரத்தை அணைத்துக்கொண்டு காலை ஊன்றினால், உடம்புப் பாரம் இரண்டு பாதத்தையும் வெளிப்பக்கம் பிரிக்கப் பார்க்கும். பிரிய விடாமல் வளையம் இழுத்துப் பிடிக்கும். பிரிக்கிற பலம் கூடக்கூட உள்ளங்கால் மரத்தில் இன்னும் அமுங்கும். பாரம்தான் பிடிப்பைக் கொடுக்கிறது. வழுக்கப்போகிறோம் என்று பயந்து காலைத் தூக்கினால்தான் வழுக்கும். கையால் அணைத்து, முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, தளையை ஊன்றி, நிமிர்ந்து, மறுபடி அணைத்து என்று ஏறவேண்டும். அப்பாவுக்கு நெஞ்சிலும் புறங்காலிலும் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. மேலே போனபின் மட்டைக்குள் கால் வைத்து உட்கார்ந்து, இடுப்புப் பெட்டியிலிருந்து பாளை சீவும் அரிவாளை எடுத்து, பாளை நுனியை மெல்லிசாகச் சீவுவார். தடித்துச் சீவினால் பாளை சீக்கிரம் தீரும், சீவாமல் விட்டால் வடிவது நின்றுபோகும். அதனால் காய்ச்சல் என்றாலும் மழை என்றாலும் ஏறித்தான் ஆகவேண்டும்.

இந்த வேலைக்குச் சர்க்கார் எப்போதும் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. 1886-ல் சென்னை மாகாண ஆப்காரிச் சட்டம் வந்தது. மரவரி என்று பனைக்குப் பனை கட்டணம் வைத்து, கள் இறக்குகிற மரங்களுக்கு எண் போட்டார்கள். தாத்தா காலத்தில் மரத்தைத் தளையோடு கட்டிப் பிடிக்கிறதற்கு முன் எண்ணைப் பார்க்க வேண்டும். எண் இல்லாத மரத்தில் கலயம் தொங்கினால் வழக்கு.

பிறகு வந்தது மதுவிலக்கு. ராஜாஜி 1937-ல் சேலம் மாவட்டத்தில் தொடங்கினார், 1948 அக்டோபர் 2-ல் மாகாணம் முழுவதும் வந்துவிட்டது. ம.பொ.சி. எங்கள் வகுப்பில் பிறந்தவர். காங்கிரஸ்காரராக மதுவிலக்கின் பக்கமே நின்றார். குடித்துச் சீரழிந்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு அதில் நியாயம் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் மரம் ஏறுகிறவனுக்கு என்ன மாற்று வேலை என்ற கேள்விக்கு வந்த பதில் பனைவெல்லம் ஒன்றுதான். காந்தியும் ஜே.சி. குமரப்பாவும் அதைப் பெரிதாக நம்பினார்கள். கரும்புக்கு நல்ல நிலமும் தண்ணீரும் வேண்டும், பனை தரிசிலேயே சர்க்கரை கொடுக்கும் என்பது குமரப்பாவின் கணக்கு. கணக்கு சரிதான். அதற்கு விறகு வேண்டும், பெண்கள் பகல் முழுக்க அடுப்படியில் நின்று காய்ச்சவேண்டும், வெல்லத்துக்குக் கட்டுப்படியாகிற விலை வேண்டும். அதில்தான் இடித்தது.

பதனிக்கும் கள்ளுக்கும் மரம் ஒன்று, பாளை ஒன்று, ஏறுகிறவனும் ஒருவன். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் வடிகிறது புளிக்காது, அது பதனி. தடவாவிட்டால் கள். கலயத்தை விரலால் துடைத்துப் பார்த்துத்தான் போலீஸ் முடிவு செய்யும். சுண்ணாம்பு கொஞ்சம் குறைந்துபோய் வெயிலும் ஏறிவிட்டால் நல்ல மனசோடு இறக்கின பதனியும் மத்தியானத்துக்குள் நுரைத்துவிடும். அதற்கு ஏறினவன்தான் பதில் சொல்லவேண்டும்.

1971-ல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியது. நான் அப்போது சின்னப் பையன். பரண்மேல் கிடந்த கலயங்களை அப்பா இறக்கிக் கழுவியது நினைவிருக்கிறது. 1973-ல் கள்ளுக்கடைகளை மூடினார்கள். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1987 பிறந்ததும் மறுபடியும் மூடினார்கள். தளைக்கு ஆயுசு சில மாதங்கள்தான், காய்ந்த நார் பரணில் கிடந்தால் உளுத்துவிடும். அதனால் ஒவ்வொரு முறை திறந்தபோதும் அப்பா புதிதாக மட்டை வெட்டிக் கட்டவேண்டியிருந்தது. 1987-க்குப் பிறகு கட்டவில்லை. செங்கல் சூளைக்குப் போனார். எங்கள் சொந்தத்தில் சிலர் புதுச்சேரிப் பக்கம் போனார்கள். அங்கே கள்ளுக்குத் தடை கிடையாது. திருக்கனூர், மண்ணாடிப்பட்டு எல்லாம் புதுச்சேரி நிலம், சுற்றிலும் விழுப்புரம் மாவட்டம். அங்கே ஒரு வரப்பின் இந்தப் பக்கத்துப் பனையில் கலயம் கட்டினால் குற்றம், அந்தப் பக்கத்துப் பனையில் கட்டினால் உரிமம். பிரெஞ்சுக்காரன் போட்ட எல்லை, செஞ்சியை விட்டுப் போய் இருநூறு வருஷத்துக்கு மேலாகியும் எங்கள் பிழைப்பைப் பிரித்துக்கொண்டிருந்தது.

என்னை அப்பா மரம் ஏற விடவில்லை. ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். படித்துவிட்டு நானும் ஏறுகிற வேலைக்கே போனேன். எங்களுக்கு இடுப்பு பெல்ட்டும் ஏணியும் உண்டு. ஆனால் ராத்திரி மழையில் வயலுக்கு நடுவே கம்பத்தில் ஃபியூஸ் போனால் ஏணியை யார் சுமந்து வருவது? லைன்மேன்கள் பலர் ஒரு துண்டுக் கயிற்றை வளையமாக முடிந்து காலில் மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். அதை யாரும் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததில்லை. பனையிலிருந்து கம்பத்துக்கு வந்தது அது. நான் கயிற்றில் போட்ட முதல் வளையத்தை அப்பாவிடம் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தேங்கா நாரா? சிமெண்டு கம்பத்துல இது தேயும், வாரத்துக்கு ஒருக்கா மாத்திடு" என்றார். அவ்வளவுதான், பாராட்டெல்லாம் கிடையாது.

ஓய்வு பெற்ற பிறகு மற்ற ஊர்க்காரர்கள் எப்படி ஏறுகிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆல்ப்ஸ் மலைக்காரர்கள் கயிற்றில் இரண்டு மூன்று படி கட்டி, பாறையில் அடித்த ஆணியில் மாட்டித் தொங்கவிட்டு, அதில் கால் வைத்து ஏறுகிறார்கள். இத்தாலிக்காரர் எமிலியோ கோமிச்சி 1930-களில் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். 1933-ல் சீமா கிராந்தே என்ற சிகரத்தின் வடக்குச் சுவரில் ஏறியவர் அவர். நைலான் வந்தபின் கயிறு போய்த் தட்டை நாடா வந்தது. அமெரிக்காவில் மான் வேட்டைக்காரர்கள் மரத்தில் பரண் கட்டி உட்காருவார்கள். மேலே போகக் கழிப்படிகளை மரத்தில் கட்டவேண்டும். அதைக் காட்டுக்குள் சுமக்கிற பாரத்தைக் குறைக்க, ஒவ்வொரு படியின் கீழும் நைலான் நாடாவில் கால் வைக்கிற வளையங்களைத் தாங்களே முடிந்து தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். கடையில் வாங்குவதைவிடத் தன் கால் நீளத்துக்கு முடிந்துகொள்வது வசதி என்கிறார்கள். அப்பா இதைக் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அவர்கள் வளையம் மரத்தில் தொங்குகிறது, மனிதன் அதில் ஏறி நிற்கிறான். பனையேறியின் வளையம் மனிதனோடு ஏறுகிறது. ஆணி இல்லை, கட்டு இல்லை, மரத்தில் ஒரு வடு கிடையாது. காலையும் மாலையும் முப்பது மரம் ஏறுகிறவன் ஒவ்வொன்றிலும் படி கட்டிக்கொண்டு நிற்க முடியாது. அவன் வேலைக்கு இந்த ஒரு முழ நார்தான் கட்டுப்படியாகும். ஆனால் இதில் தவறினால் தாங்கிப் பிடிக்க இரண்டாவது கயிறு கிடையாது. விழுந்து இடுப்பொடிந்து திண்ணையிலேயே காலம் தள்ளியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. பழைய முறை என்பதற்காக இதை யாரும் போற்றிப் பாட வேண்டியதில்லை.

பனை 1978-லிருந்து தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-ல் தனி வேளாண் பட்ஜெட் போட்டபோது 76 லட்சம் பனை விதை நடுவதாகவும், கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் சொன்னார்கள். நட்ட விதை பாளை விட ஏறக்குறைய இருபது வருஷம் ஆகும். அப்போது ஏற ஆள் இருக்கவேண்டும். இங்கே விக்கிரவாண்டிப் பக்கம் நரசிங்கனூர், பூரிகுடிசை ஊர்களில் சில இளைஞர்கள் படிப்பை முடித்துவிட்டுப் பனைக்குத் திரும்பியிருக்கிறார்கள். பனைக்காக அங்கே திருவிழாவே நடத்துகிறார்கள். போய்ப் பார்த்தேன். தளை ஒருவரிடம் நார், ஒருவரிடம் நைலான், இன்னொருவரிடம் லாரி டயரின் உள்பட்டை. நார்த்தளையை நனைத்துப் போட்டால் மரத்தோடு ஒட்டும், நைலான் அறாது ஆனால் ஈர மரத்தில் நழுவும், டயர் பிடிக்கும் ஆனால் புறங்காலைப் புண்ணாக்கும் என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம். என்னைக் கேட்டார்கள். கம்பத்துக்கு நைலான், பனைக்கு நார் என்றேன். டயர்க்காரப் பையன் ஒத்துக்கொள்ளவில்லை.

மெஷினும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். கேரளத்தில் கண்ணூர்ப் பக்கத்துச் செம்பேரியில் ஒரு விவசாயி தென்னைக்காகச் செய்தது, இரண்டு கம்பி வளையமும் மிதியும் வைத்தது. தென்னையில் அழகாக ஏறுகிறது. பனையில் அடிமரம் பருத்து மேலே போகப்போக இளைக்கும், அதனால் நடுவழியில் வளையத்தை இறுக்கிக்கொண்டே போகவேண்டும். இளம் பனையானால் வெட்டாத மட்டைக் கட்டைகள் வேறு வழியை மறிக்கும். மேலே கழுத்துக்குக் கீழே மெஷின் நின்றுவிடும். அங்கிருந்து மட்டைக்குள் புகுந்து பாளையைத் தொட இரண்டு ஆள் உயரம் இருக்கும். அந்தத் தூரத்தை எப்படி ஏறுவது என்று மெஷின் விற்கிறவரைக் கேட்டேன். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் அந்த நார்த்தளைப் பையனைத் திரும்பிப் பார்த்தார்கள்.